ஒரு கவுண்டியில் பட்டதாரிகள் எத்தனை சதவீதம்? ஒரே கேள்விக்கு மூன்று விடை வருவது ஏன்

கேள்வி இதுதான். அமெரிக்காவில் வேலை மாறி வேறு ஊருக்குப் போகும் குடும்பம் ஒன்று வீடு தேடுகிறது. போகப்போகும் கவுண்டியில் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) படித்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், ஒரு தளம் 38 சதவீதம் என்கிறது, இன்னொன்று 47, மூன்றாவது 68. எதை நம்புவது? நாமே பார்த்துக்கொள்ள முடியுமா? அந்த எண்ணை வைத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களை எடைபோடலாமா?

மூன்றுமே சரியாக இருக்கலாம். பெரும்பாலும் மூன்று தளங்களும் எடுத்தது ஒரே இடத்திலிருந்துதான்: அமெரிக்க சென்சஸ் பியூரோ நடத்தும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே, சுருக்கமாக ஏ.சி.எஸ். இளநிலைப் பட்டமும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் எண்ணினால் ஒரு விடை வரும். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்து அசோசியேட் பட்டம் வாங்கியவர்களையும் சேர்த்தால் அது ஏறும். கல்லூரியில் கால் வைத்துவிட்டுப் பட்டம் வாங்காமல் நின்றவர்களையும் சேர்த்தால் இன்னும் ஏறும். தளங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பைப் போட்டுவிடுவதால்தான் குழப்பம். வயது வரம்பும் மாறும். 25 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் என்பது வழக்கமான கணக்கு. தொழிலாளர் சந்தையைப் பார்ப்பவர்கள் 25 முதல் 64 வரை எடுப்பார்கள். கவுண்டி ஹெல்த் ராங்கிங்ஸ் என்ற பெயரில் வரும் சுகாதாரத் தரவரிசை, 25 முதல் 44 வயதுக்குள் உயர்நிலைப் பள்ளிக்குப் பின் கொஞ்சமாவது படித்தவர்களை எடுத்துக்கொண்டிருந்தது. வயதில் இளையவர்கள், பட்டம் கட்டாயமில்லை என்ற இரண்டும் சேர்ந்தால் எண் எவ்வளவு மேலே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே தளங்களை விட்டுவிட்டு மூலத்துக்கே போவது நல்லது. இலவசம், கணக்குத் திறக்க வேண்டியதில்லை, பழகிவிட்டால் பத்து நிமிட வேலை.

முதலில் இந்தக் கணக்கெடுப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க சென்சஸில் படிப்பு பற்றிய கேள்வி முதன்முதலில் வந்தது 1940இல். அதற்கு முன் எழுதப் படிக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். அந்த ஆண்டில் 25 வயதுக்கு மேற்பட்டவர்களில் நான்கு வருடக் கல்லூரி முடித்தவர்கள் 4.6 சதவீதம்தான். 2000இல் அது 24.4 சதவீதம். 2018-22 ஐந்தாண்டுத் தொகுப்பில் நாட்டு சராசரி 34.3 சதவீதம். இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கவுண்டியையும் ஒப்பிட அது ஒரு அடையாளக்கல்.

2000 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை நீள்படிவம் ஒன்று சுமார் ஆறில் ஒரு வீட்டுக்குப் போகும், படிப்புக் கேள்வி அதில் இருக்கும். அதற்குப் பதிலாக வந்ததுதான் ஏ.சி.எஸ். 2005 முதல் முழு அளவில் நடக்கிறது. இப்போது ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குப் படிவம் போகிறது. ஆக, 2020 சென்சஸில் உங்கள் கவுண்டியின் பட்டதாரிகள் எத்தனை என்று தேடினால் கிடைக்கவே கிடைக்காது. சில கேள்விகளே கொண்ட அந்தச் சின்னப் படிவத்தில் படிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "2020 சென்சஸ்படி" என்று பட்டதாரி விகிதத்தைப் போடும் கட்டுரையைப் பார்த்தால், எழுதியவர் அட்டவணையைத் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏ.சி.எஸ். மாதிரிக் கணக்கெடுப்பு என்பதால் ஆள் குறைந்த இடத்தில் ஒரு வருடத்தில் கிடைக்கும் படிவங்கள் போதாது. அதனால் இரண்டு விதமாக வெளியிடுகிறார்கள். மக்கள்தொகை 65,000க்கு மேல் இருந்தால் ஓராண்டு மதிப்பீடு உண்டு, வழக்கமாக அடுத்த ஆண்டு செப்டம்பரில் வரும். எல்லாக் கவுண்டிக்கும் கிடைப்பது ஐந்தாண்டு மதிப்பீடு, வழக்கமாக டிசம்பரில் வரும். 20,000க்கு மேற்பட்ட இடங்களுக்குச் சில சுருக்க அட்டவணைகள் ஓராண்டுக்கும் வெளியாகின்றன. நாட்டில் கவுண்டியும் கவுண்டிக்கு நிகரானவையுமாக 3,140க்கு மேல் உண்டு. அவற்றில் பெரும்பகுதி 65,000க்குக் கீழ்ப்பட்டவை. அங்கெல்லாம் ஐந்தாண்டுத் தொகுப்பை விட்டால் வேறு கதி இல்லை. ஐந்தாண்டு என்றால் ஐந்து வருடப் படிவங்களையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிட்டது. 2018-22 என்றால் 2022இன் நிலவரம் என்று எழுதிவிடாதீர்கள். நடுவில் 2020 வேறு இருக்கிறது. கொரோனா ஆண்டில் படிவம் திருப்பி அனுப்பியவர்களில் படித்தவர்கள், வசதியானவர்கள் பங்கு கூடிப்போனதால் அந்த ஆண்டின் ஓராண்டு மதிப்பீட்டை வழக்கமான முறையில் வெளியிடவே இல்லை, சோதனை அட்டவணைகளாக மட்டும் போட்டார்கள்.

இனி அட்டவணை. சென்சஸ் பியூரோவின் தரவுத் தளத்தில் தேடல் பெட்டியில் பி15003 என்ற அட்டவணை எண்ணை (முதல் எழுத்து ஆங்கில B) அடித்து, இடம் என்பதில் மாநிலத்தையும் கவுண்டியையும் தேர்ந்தெடுங்கள். மேலே எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டு என்று காட்டும் இடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தளம் தானாக ஓராண்டைக் காட்டும், நீங்கள் ஐந்தாண்டு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அட்டவணையில் 25 வரிகள் இருக்கும். முதல் வரி 25 வயதுக்கு மேற்பட்டோர் மொத்தம். இரண்டிலிருந்து பதினாறு வரை பள்ளிக்கே போகாதவர் தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்பு போய் டிப்ளமா வாங்காதவர் வரை. 17 உயர்நிலைப் பள்ளி டிப்ளமா, 18 ஜி.இ.டி. போன்ற மாற்றுத் தேர்வு எழுதியவர்கள். 19 ஒரு வருடத்துக்கும் குறைவாகக் கல்லூரி, 20 ஒரு வருடமோ அதற்கு மேலோ போய்ப் பட்டம் இல்லாதவர். 21 அசோசியேட் பட்டம், 22 இளநிலை, 23 முதுநிலை, 24 மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்பட்டம், 25 முனைவர் பட்டம்.

பட்டதாரி விகிதம் என்று பொதுவாகச் சொல்வது 22 முதல் 25 வரை கூட்டி முதல் வரியால் வகுத்தது. இங்கே நடக்கும் முதல் தவறு 22ஐ மட்டும் எடுப்பது. எம்.எஸ். முடித்தவர் 23இல் இருப்பார், 22இல் இருக்க மாட்டார். ஒவ்வொருவரும் அவரவர் எட்டிய உச்சப் படிப்பில் ஒரே ஒரு முறைதான் எண்ணப்படுகிறார். படித்தவர்கள் நிறைந்த கவுண்டியில் 22ஐ மட்டும் எடுத்தால் பாதிப் பேர் காணாமல் போவார்கள். இரண்டாவது தவறு கவுண்டியின் மொத்த மக்கள்தொகையால் வகுப்பது. அப்போது தொட்டில் குழந்தையும் படிக்காதவர் கணக்கில் போய்விடும்.

கூட்டல் கணக்கெல்லாம் வேண்டாம், சதவீதம் மட்டும் போதும் என்றால் எஸ்1501 என்ற அட்டவணை. அதில் சதவீதம் தயாராக இருக்கும், 25-34, 35-44, 45-64, 65க்கு மேல் என்று வயதுவாரியாகவும் பிரித்திருக்கும், ஒவ்வொரு படிப்பு நிலைக்கும் இடைநிலை வருமானம், வறுமை விகிதம் ஆகியவையும் கீழே வரும். வீடு வாங்கப் போகிறவருக்கு இது ஒன்றே போதும். அதிலும் 25-34 வரியைத் தனியாகப் பாருங்கள். கவுண்டிக்கு இப்போது யார் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

இரண்டு அட்டவணையிலும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு இன்னொரு எண் இருக்கும். அதுதான் பிழை வரம்பு, மாதிரிக் கணக்கெடுப்பு என்பதால் அந்த எண் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதன் அளவு. பலரும் அதை அழித்துவிட்டுத்தான் எக்செலில் வேலையைத் தொடங்குகிறார்கள். பெரிய கவுண்டியில் அதனால் பாதகமில்லை. சின்னக் கவுண்டியில் முழு வாதமும் அதில்தான் இருக்கிறது.

கணக்கைக் காட்ட ஒரு கற்பனைக் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். 25 வயதுக்கு மேல் 40,000 பேர், பிழை வரம்பு 150. இளநிலை 6,000, பிழை வரம்பு 520. முதுநிலை 2,400, பிழை வரம்பு 330. தொழிற்பட்டம் 500, பிழை வரம்பு 140. முனைவர் 300, பிழை வரம்பு 110. பட்டதாரிகள் மொத்தம் 9,200, அதாவது 23 சதவீதம். மொத்தத்தின் பிழை வரம்புக்கு நான்கு பிழை வரம்புகளையும் நேராகக் கூட்டக் கூடாது, கூட்டினால் 1,100 என்று ஊதிப்போகும். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 411,000இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 641. இதிலிருந்து சதவீதத்தின் பிழை வரம்புக்குப் போக, 641இன் வர்க்கத்திலிருந்து, விகிதத்தின் வர்க்கத்தையும் (0.23 x 0.23) பகுதியின், அதாவது வகுக்கும் எண்ணான 40,000இன், பிழை வரம்பின் வர்க்கத்தையும் (150 x 150) பெருக்கிக் கழிக்க வேண்டும். மிஞ்சியதன் வர்க்கமூலத்தை 40,000ஆல் வகுத்தால் 0.016, அதாவது 1.6 சதவீதப் புள்ளி. கழிக்கும்போது குறை எண் வந்துவிட்டால் கழித்தலைக் கூட்டலாக மாற்றிக்கொள்ளச் சொல்கிறது பியூரோவின் வழிகாட்டி.

ஆக இந்தக் கவுண்டியின் விகிதம் 21.4க்கும் 24.6க்கும் இடையில் எங்கோ. சென்சஸ் பியூரோ அச்சிடும் பிழை வரம்பு 90 சதவீத நம்பக அளவில் கணக்கிட்டது என்பதையும் கவனியுங்கள். பல்கலைக்கழகப் புள்ளியியல் வகுப்பில் பழகிய 95 சதவீதம் வேண்டுமானால், அச்சிட்டதை 1.645ஆல் வகுத்து 1.96ஆல் பெருக்க வேண்டும்.

பக்கத்துக் கவுண்டியில் விகிதம் 25.0, பிழை வரம்பு 2.1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு புள்ளி கூடுதல், அங்கே படித்தவர்கள் அதிகம் என்று சொல்லத் தோன்றும். 1.6, 2.1 இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2.64. வித்தியாசம் 2.0, அதைவிடக் குறைவு. இரண்டு கவுண்டிக்கும் இடையில் வேறுபாடு இருப்பதாகச் சொல்ல இந்தத் தரவு போதாது. அவ்வளவுதான் சொல்லலாம். இணையத்தில் "மாநிலத்தின் முதல் பத்துக் கவுண்டிகள்" என்று உலவும் பட்டியல்களில் ஏழாவதும் பத்தாவதும் இப்படித்தான் இருக்கும். அடுத்த வருடம் இடம் மாறியதும் "சரிந்தது" என்று தலைப்பு வரும்.

அதே கவுண்டியில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 300 பேர், பிழை வரம்பு 110 என்று பார்த்தோம். உண்மை 190ஆகவும் இருக்கலாம், 410ஆகவும் இருக்கலாம். இவ்வளவு தளர்ந்த எண்ணைத் தனியாக எடுத்துப் பேசவே கூடாது. 23, 24, 25 வரிகளைச் சேர்த்து "முதுநிலையும் அதற்கு மேலும்" என்று ஒன்றாக்கினால் கொஞ்சம் நிலைக்கும். இன்னொரு நுணுக்கம்: பள்ளி வகுப்பு வரிகளைக் கூட்டும்போது சின்னக் கவுண்டியில் பல வரிகளில் பூஜ்யம் இருக்கும், ஆனால் பூஜ்யத்துக்கும் பிழை வரம்பு அச்சிட்டிருப்பார்கள். அவை எல்லாவற்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் பிழை வரம்பு தேவையில்லாமல் பெருகும். பூஜ்ய வரிகளில் பெரிய பிழை வரம்பு எதுவோ அதை ஒரே ஒரு முறை சேர்த்தால் போதும்.

எல்லாக் கவுண்டிகளையும் ஒரே கோப்பாக இறக்கி வேலை பார்ப்பவர்களுக்கு எக்செல் செய்யும் குறும்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஐந்து இலக்க ஃபிப்ஸ் குறியீடு: முதல் இரண்டு மாநிலம், அடுத்த மூன்று கவுண்டி. கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா 06085. கோப்பைத் திறந்ததும் எக்செல் முன்னாலிருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிட்டு 6085 ஆக்கிவிடும். பிறகு வேறொரு கோப்போடு இணைத்தால் அலபாமா, அரிசோனா, கலிபோர்னியா, கொலராடோ என்று குறியீடு பூஜ்யத்தில் தொடங்கும் மாநிலங்கள் மட்டும் மொத்தமாக விடுபடும். குறியீடு இருக்கும் நெடுவரிசையை எண்ணாக இல்லாமல் எழுத்தாக இறக்கினால் தீர்ந்தது. நிரல்வழி இறக்கும் தரவில் பிழை வரம்பு இடத்தில் -555555555 என்று வந்தால் பதறாதீர்கள். வேறு மக்கள்தொகை மதிப்பீட்டோடு பொருத்தி நிலைநிறுத்திய எண், அதற்கு மாதிரிப் பிழை இல்லை என்பதன் குறியீடு அது. பூஜ்யமாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற மறந்து வர்க்கப்படுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பெயர்க் குழப்பமும் உண்டு. மிசூரியில் செயின்ட் லூயிஸ் சிட்டி வேறு (29510), செயின்ட் லூயிஸ் கவுண்டி வேறு (29189). மேரிலாண்டில் பால்டிமோர் சிட்டியும் பால்டிமோர் கவுண்டியும் அப்படியே. வர்ஜீனியாவில் 38 நகரங்கள் எந்தக் கவுண்டிக்குள்ளும் சேராமல் தனிக் கவுண்டிபோல எண்ணப்படுகின்றன. சார்லட்ஸ்வில்லைச் சுற்றிலும் ஆல்பமார்ல் கவுண்டி இருந்தாலும் அதன் கணக்கில் சார்லட்ஸ்வில் வராது. லூயிசியானாவில் கவுண்டிக்குப் பெயர் பாரிஷ், அலாஸ்காவில் பரோ.

காலப்போக்கில் ஏறியதா இறங்கியதா என்று பார்க்க விரும்பினால், 2017-21 தொகுப்பை 2018-22உடன் ஒப்பிடாதீர்கள். ஐந்தில் நான்கு வருடப் படிவங்கள் இரண்டிலும் அவையே. வித்தியாசம் என்று வருவது 2017 போய் 2022 வந்தது மட்டும்தான். ஒரு வருடமும் பொதுவாக இல்லாத தொகுப்புகளை, உதாரணமாக 2014-18ஐ 2019-23உடன், வைத்துப் பார்க்க வேண்டும். எல்லையும் மாறியிருக்கக் கூடாது. கனெக்டிகட் மாநிலத்தின் எட்டுக் கவுண்டிகளுக்குப் பதிலாக ஒன்பது திட்டமிடல் மண்டலங்களை 2022 தரவு முதல் பயன்படுத்துகிறார்கள். ஃபேர்ஃபீல்ட் கவுண்டியின் தொடர்ச்சியைத் தேடினால் அங்கே வரிசை அறுந்துவிடும். தெற்கு டகோட்டாவில் ஷானன் கவுண்டி 2015இல் ஒக்லாலா லகோட்டா கவுண்டி ஆனது, குறியீடும் 46113இலிருந்து 46102க்கு மாறியது. 1990க்கு முன்னே போனால் கேள்வியே வேறு. அதுவரை எத்தனை வருடம் படித்தீர்கள் என்று கேட்டார்கள், 1990இலிருந்துதான் என்ன பட்டம் என்று கேட்கிறார்கள். நான்கு வருடம் கல்லூரிக்குப் போனவர் எல்லோரும் பட்டம் வாங்கியவர் அல்லர் அல்லவா? நீண்ட காலப் போக்கு வேண்டுமென்றால் அமெரிக்க வேளாண் துறையின் பொருளாதார ஆய்வுப் பிரிவு 1970 முதலான கவுண்டி விகிதங்களை நான்கே வகையாகச் சுருக்கி ஒரே கோப்பில் தருகிறது. அதிலும் இந்த 1990 மடிப்பு இருக்கத்தான் செய்யும்.

நம் ஆட்கள் வீட்டுக்கு இந்தப் படிவம் வந்தால் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்க அமைப்பில் எதற்குச் சமமோ அதில் குறிக்க வேண்டும் என்பதுதான் விதி. சான்றிதழ் யாரும் கேட்பதில்லை, வீட்டில் ஒருவரே எல்லோருக்குமாகச் சேர்த்து நிரப்பலாம். பி.இ., எம்.சி.ஏ. போன்றவற்றில் சிக்கலில்லை. பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமா முடித்தவர் அசோசியேட் என்று போடுவாரா, பட்டமில்லாக் கல்லூரிப் படிப்பு என்று போடுவாரா என்பது நிரப்புபவர் கையில். எம்.பி.பி.எஸ். பெயரில் இளநிலை, ஆனால் மருத்துவர். அவர் 22இல் போவாரா 24இல் போவாரா என்பதும் அப்படித்தான். நியூஜெர்சியின் மிடில்செக்ஸ், டெக்சஸின் காலின், வர்ஜீனியாவின் லௌடன் போல இந்தியர்கள் செறிந்த கவுண்டிகளில் 22க்கும் 24க்கும் இடையில் சிலர் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். 22 முதல் 25 வரை கூட்டிவிட்டால் அந்த ஊசலாட்டம் மறைந்துவிடும். கூட்டி எடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அகில இந்திய உயர்கல்வி ஆய்வு 2021-22இன்படி தமிழ்நாட்டின் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இதை ஒரு அமெரிக்கக் கவுண்டியின் 34 சதவீதத்தோடு வைத்து நாம்தான் மேலே என்று மார்தட்டும் பதிவுகள் வருகின்றன. 47 என்பது கல்லூரியில் இப்போது சேர்ந்திருப்பவர்களை 18-23 வயதினர் எண்ணிக்கையால் வகுத்தது. 34 என்பது 25 வயது இளைஞரிலிருந்து 90 வயதுப் பாட்டி வரை எல்லோரையும் பகுதியில் வைத்துப் பட்டம் பெற்றவர்களை எண்ணியது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இனி கேள்வியின் முக்கியமான பகுதி: விகிதம் கூடினால் ஊரில் பள்ளிகள் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. இந்தக் கணக்கெடுப்பு எங்கே படித்தீர்கள் என்று கேட்பதே இல்லை, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்றுதான் பார்க்கிறது. கவுண்டியின் பட்டதாரி விகிதம் பெரும்பாலும் அங்குள்ள வேலைகளின் நிழல்.

நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸ் கவுண்டியைப் பாருங்கள். 1943இல் அணுகுண்டுத் திட்டத்துக்காகத் தொடங்கிய ஆய்வகம், அதைச் சுற்றி எழுந்த ஊர்; 1949இல்தான் தனிக் கவுண்டி ஆனது. 2020இல் மக்கள்தொகை 19,419. பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகிலோ மேலோ பட்டதாரிகள், முனைவர்கள் செறிவில் நாட்டிலேயே உச்சத்தில் இருக்கும் இடம். அதை ஒட்டிய ரியோ அரிபா கவுண்டியில் விகிதம் நாட்டு சராசரிக்கும் கீழே. அங்கிருந்து தினமும் வண்டியோட்டி வந்து இதே ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. கவுண்டி எல்லையை எங்கே வகுத்தார்கள் என்பது எண்ணை எவ்வளவு ஆட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் முக்கால்வாசிப் பேர் பட்டதாரிகள். அவர்களை இழுத்து வந்தது மத்திய அரசும் அதன் ஒப்பந்த நிறுவனங்களும்.

எதிர்முனையில் மேற்கு வர்ஜீனியாவின் மக்டவல் கவுண்டி. நிலக்கரி கொழித்த 1950இல் ஏறத்தாழ 99,000 பேர் இருந்த இடத்தில் 2020இல் 19,111 பேர். பட்டதாரி விகிதம் பத்து சதவீதத்துக்கும் கீழே. படித்தவர்கள் அங்கிருந்து உருவாகவே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. படித்தவர் பிழைக்க அங்கே வழியில்லை, வெளியேறி வேறு கவுண்டிகளின் விகிதத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் மக்டவலில் உண்டு: மத்தியச் சிறை. ஏ.சி.எஸ். 2006 முதல் சிறை, விடுதி, முதியோர் இல்லம் ஆகியவற்றில் இருப்பவர்களையும் எண்ணுகிறது. கைதி அடைபட்டிருக்கும் கவுண்டியின் குடிமகனாகவே கணக்கில் வருகிறார், சொந்த ஊர் எதுவானாலும். பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் கவுண்டியில் 2000இல் 4,946 பேர். இடையில் மாநிலச் சிறை ஒன்று திறந்தது. 2010இல் 7,716 பேர். அங்கே யாரும் குடியேற ஆசைப்பட்டு வரவில்லை. இத்தகைய கவுண்டியில் ஆண்களின் பட்டதாரி விகிதம் பெண்களுடையதைவிட வெகுவாகக் கீழே கிடக்கும். ஆண் பெண் பிரித்துக் காட்டும் பி15002 அட்டவணையைத் திறந்து அப்படி ஒரு பள்ளம் தெரிந்தால் சிறையைச் சந்தேகிக்கலாம். 2020 சென்சஸின் பி5 அட்டவணை (இதன் முதல் எழுத்து ஆங்கில P) சிறையில் எத்தனை பேர் என்று நேராகவே சொல்லிவிடும்.

முதியவர்கள் நிறைந்த கவுண்டியிலும் எண் ஏமாற்றும். ஃப்ளோரிடாவின் சம்டர் கவுண்டியில் தி வில்லேஜஸ் என்ற மாபெரும் ஓய்வுக்காலக் குடியிருப்பு இருக்கிறது, இடைநிலை வயதில் நாட்டிலேயே முதலிடம். அங்குள்ள பட்டங்கள் பெரும்பாலும் ஒஹாயோவிலும் மிச்சிகனிலும் நியூயார்க்கிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களுடையவை. அந்த விகிதத்தைப் பார்த்து நிறுவனம் தொடங்கப் போனால் ஆள் கிடைக்க மாட்டார்கள்.

விகிதம் எங்கிருந்து வந்தது என்பதையே பார்க்க இரண்டு அட்டவணைகள் உண்டு. இவற்றைப் பலர் தொடுவதில்லை, எனக்கு என்னவோ பி15003ஐவிட இவைதான் சுவையானவை. பி06009 பிறந்த இடத்தையும் படிப்பையும் சேர்த்துக் காட்டும்: அதே மாநிலத்தில் பிறந்தவர், வேறு மாநிலத்தில் பிறந்தவர், வெளிநாட்டில் பிறந்தவர் ஒவ்வொருவரிலும் பட்டதாரிகள் எத்தனை. பி07009 கடந்த ஒரு வருடத்தில் இடம் மாறி வந்தவர்களின் படிப்பைக் காட்டும். முதல் அட்டவணையில் அதே மாநிலத்தில் பிறந்தவர்களின் பட்டதாரி விகிதத்தைத் தனியாக வகுத்துப் பாருங்கள். கவுண்டியின் மொத்த விகிதம் 50ஐத் தாண்டியும் உள்ளூர்ப் பிறப்பினரின் விகிதம் 30ஐச் சுற்றியே நின்றால், அந்த ஊரின் பட்டங்கள் வண்டியேறி வந்தவை. அது நல்லதா கெட்டதா என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது. பிள்ளைகளுக்குப் படித்த குடும்பங்களின் சூழல் வேண்டும் என்றால் எங்கிருந்து வந்தார்கள் என்பது முக்கியமில்லை.

பள்ளிகளைத்தான் பார்க்க வேண்டும் என்றால் கவுண்டியை விட்டு இறங்கிப் பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக எல்லைக்கு, வாருங்கள். நியூஜெர்சியில் ஒரே கவுண்டிக்குள் பல பள்ளி மாவட்டங்கள் இருக்கும். மேரிலாண்டிலும் ஃப்ளோரிடாவிலும் பெரும்பாலும் கவுண்டி முழுவதும் ஒன்றே. ஏ.சி.எஸ். ஐந்தாண்டுத் தரவில் இடத்தேர்வில் பள்ளி மாவட்டம் என்ற வகையும் உண்டு. எஸ்1501ஐ அதற்கு இறக்கினால் அந்த எல்லைக்குள் இருக்கும் பெரியவர்களின் படிப்பு கிடைக்கும், பிழை வரம்பு மட்டும் கவுண்டியுடையதைவிடப் பெரிதாக இருக்கும். அதற்கும் கீழே சென்சஸ் டிராக்ட் வரை போகலாம். ஆனால் சராசரியாக 4,000 பேர் வசிக்கும் வட்டாரத்தில் பிழை வரம்பு எட்டு, பத்து புள்ளி என்று வருவது சகஜம், அந்த வேறுபாட்டை வைத்து வீட்டு விலை பேசாதீர்கள். பள்ளி என்ன சாதிக்கிறது என்பதை, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கு வருடத்தில் டிப்ளமா வாங்கினார்கள் என்ற விகிதம் ஓரளவு சொல்லும். அதை மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதற்கும் ஏ.சி.எஸ்.ஸுக்கும் சம்பந்தமில்லை.